பங்குனி முதல் ஆனி வரை: ஓர் ஏசி நாட்குறிப்பு

மார்ச் 16, 2025, ஞாயிறு

பங்குனி பிறந்து இரண்டு நாள் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் ஏசி மெக்கானிக்கைப் பிடிக்க இதுதான் காலம். சித்திரை பிறந்துவிட்டால் போனையே எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் "நாளைக்குக் காலைல வந்துர்றேம்மா" என்பதோடு சரி. அந்த நாளை வைகாசியில்தான் விடியும்.

மாமியார் அறை ஏசியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை டன் இன்வெர்ட்டர், ஆர்-32 கேஸ். தீபாவளி மழைக்குப் பிறகு யாரும் தொடவில்லை. கையை நீட்டினால் காற்று ஜில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் காற்றே இல்லை. கட்டில் வரை வந்து சேரவில்லை. அரை மணி கழித்து உள்ளே மொறுமொறுவென்று ஒரு சத்தம். மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால், காயிலின் இடது ஓரம் முழுக்க வெள்ளையாகப் பனி பிடித்திருக்கிறது.

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கேஸ் போயிருக்கும்" என்றார். ஏசிக்கு என்ன சீக்கு வந்தாலும் ஊரில் எல்லோருக்கும் வாயில் வருவது அந்த ஒன்றுதான்.

மார்ச் 17, திங்கள்

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டதில் ஓர் ஆள் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவுட்டோர் எங்கே என்று கேட்டார். பால்கனியில் கேஜை மாட்டினார், முள்ளைக் காட்டினார். "92 தான் காட்டுதும்மா. 120, 130 இருக்கணும். கேஸ் கம்மி. 2,800 ஆகும், சர்வீஸ் தனி."

"ஃபில்டரைப் பாத்தீங்களா?"

"கேஸ் போட்டுட்டு அதையும் கிளீன் பண்ணித் தந்துர்றேன்."

விசிட்டிங் சார்ஜைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இவருக்குக் கொஞ்சம் வருத்தம். வந்தவர் போட்டுவிட்டே போயிருக்கலாமாம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவளிடம் முள்ளைக் காட்டினால் இப்படித்தான் ஆகும். காயிலுக்குள் திரவமாக வரும் கேஸ் ஆவியாகிறது. அப்படி ஆவியாக வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. அழுக்கு அடைத்துக் காற்று வரவில்லையென்றால் வெப்பம் கிடைக்காது, அழுத்தம் தானாக இறங்கும், காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பனி பிடிக்கும். கேஸ் குறைந்தாலும் அழுத்தம் இறங்கும், பனி பிடிக்கும். முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆர்-32-க்கு 92 பிஎஸ்ஐ என்றால் காயிலுக்குள் சுமார் மைனஸ் 3 டிகிரி. அவர் காட்டிய எண் நிஜம்; அதற்கு அவர் சொன்ன காரணம் நிஜமா என்பதைக் கழுவிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஏசியில் கேஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓட ஓடத் தீர்வதற்கு அது பெட்ரோலா? குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போடுகிறவர் அடுத்த வருஷமும் வருவார்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஐடிஐயில் ரெஃப்ரிஜரேஷன் முடித்துத் திருவானைக்காவலில் கடை வைத்திருக்கிறான். சனிக்கிழமை வருகிறேன் என்றான்.

மார்ச் 22, சனி

காலை ஏழு மணிக்கே வந்துவிட்டான். கூட ஒரு சின்னப் பையன், தோளில் பிரஷர் பம்ப், ஏசிக்கு அடியில் கட்டும் பிளாஸ்டிக் கவர், ஒரு வாளி. "வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரலாம், டீச்சர்."

முதலில் மெயின் சுவிட்சை அணைத்தான். பிறகுதான் மூடியில் கை வைத்தான். இதைப் பார்த்ததுமே பாதிக் கவலை போய்விட்டது.

ஃபில்டர் இரண்டையும் உருவினான். விரலால் சுரண்டியதில் அழுக்கு பட்டையாக உரிந்து வந்தது. அம்மா மண்டபம் ரோட்டில் குடியிருந்தால் மாசி பங்குனியில் காவிரி வீட்டுக்குள்ளேயே வரும், மணலாக. ஆற்றில் தண்ணீர் வடிந்து திட்டு திட்டாக மணல் தெரிய ஆரம்பித்ததும், சாயங்காலக் காற்று அதிலிருக்கும் நைஸ் தூசியை அள்ளிக்கொண்டு வருகிறது. அதோடு மாமியாரின் இலவம்பஞ்சு மெத்தைத் தூள், தலைமுடி, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை. வெறும் தூசியாக இருந்தால் தட்டினாலே போய்விடும். சாம்பிராணி, ஊதுபத்திப் பிசுக்கும் அடுக்களையிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேரும்போதுதான் அது பசையாகிறது. அவன் இதை ஒரு பார்வையில் சொன்னான்: "பூஜை ரூம் பக்கமா டீச்சர்? காயில் பழுப்பா இருக்கு பாருங்க."

ஃபில்டரைத் தாண்டியும் உள்ளே போயிருக்கிறது. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே டார்ச் அடித்தால் வெளிச்சம் மறுபுறம் தெரியவில்லை. ப்ளோயர் என்கிற அந்த நீள உருளையின் சின்னச் சின்ன இறக்கைகளில் ஒவ்வொன்றின் குழிவிலும் அழுக்கு நிரம்பி, குழிவே இல்லாமல் தட்டையாகியிருந்தது. குழிவு இருந்தால்தானே காற்றை அள்ளித் தள்ளும்? காற்றே வராததற்குக் காரணம் கண் முன்னால் இருந்தது.

எலெக்ட்ரிக் பாகத்தைப் பாலிதீன் போட்டுச் சுற்றினான். கவரைக் கட்டி அதன் வாயை வாளிக்குள் விட்டான். தண்ணீர் அடிக்கும்போது தகடுகளின் நேர்கோட்டிலேயே, மேலிருந்து கீழாக அடித்தான். பக்கவாட்டில் அடித்தால் தகடு மடங்கிவிடும், மடங்கிய இடத்தில் காற்று போகாது. வாளியில் விழுந்த தண்ணீர் கறுப்பு. இரண்டாம் வாளி பழுப்பு. மூன்றாவது தெளியத் தொடங்கியபோது காயில் அதன் நிறத்துக்கு வந்தது. மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இத்தனை அழுக்கையா நான் மூச்சா இழுத்துண்டிருந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிரெயின் பைப்பில் ஊதினான். அடைப்பு. மறுமுனையிலிருந்து இழுத்தபோது வழவழவென்று ஒரு விரல் நீளத்துக்குப் பாசி வந்தது. ஏசியிலிருந்து தண்ணீர் சுவரில் வழிகிறது, கட்டிலில் சொட்டுகிறது என்று வரும் புகாரில் முக்கால்வாசி இந்தப் பாசிதானாம். மிச்சம், பைப்பைச் சரிவாகப் போடாமல் நடுவில் தொங்கவிட்டு வைத்ததால் வருவது.

அவுட்டோரை அவன் தனியாக ஒரு மணி நேரம் கவனித்தான். அதன் பின்பக்கத் தகடுகளைத் தண்ணீரால் உள்ளிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடித்தான். பக்கத்து மரத்து வேப்பம்பூ ஒரு கை அளவு வந்தது. காற்றாடி போல்டை முறுக்கிப் பார்த்தான், ஒயர் நட்டுகளை இறுக்கினான், ஒன்று லேசாகக் கருகியிருந்ததை வெட்டிப் புதிதாக லக் போட்டான். லூசான ஒயர்தான் தீப்பிடிப்பதற்கு முதல் காரணம் என்று சொல்லிக்கொண்டே செய்தான்.

எல்லாம் காய்ந்து, டர்போவில் இருபது நிமிஷம் ஓடிய பிறகுதான் கேஜ். முள் 128-ல் நின்றது. அதாவது காயிலுக்குள் 6 டிகிரி வாக்கில். ஒரு சொட்டு கேஸ் போடவில்லை.

"அன்னிக்கே 130 வர்ற வரைக்கும் கேஸ் போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"ஓவர்சார்ஜ் ஆயிருக்கும் டீச்சர். அப்புறம் யாராவது கழுவுனதும் பிரஷர் எகிறும். கம்ப்ரசர்தான் வாங்கிக்கும்."

650 ரூபாய் கேட்டான். 800 கொடுத்தேன். சின்னப் பையனுக்கு மோர்.

ஏப்ரல் 5, சனி

ஃபில்டரை நானே கழுவினேன். குழாயடியில், தூசி ஒட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் அழுக்கு கழன்று விழுகிறது. நேரே விட்டால் வலைக்குள் ஏறிக்கொள்கிறது. நிழலில்தான் காயவைக்க வேண்டும், மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் கோணிப்போகும். கால் மணி நேர வேலை. இதற்கு ஆளைக் கூப்பிடுவது, பல் தேய்க்க டாக்டரிடம் போகிற கதை.

டிரெயின் பைப்புக்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன். இந்த வறண்ட காற்றில் ஒரு ராத்திரிக்குக் கால் வாளிகூடத் தேறவில்லை. ஐப்பசியில் அதே ஏசி, அதே எட்டு மணி நேரத்தில் வாளியை நிரப்பியது. ஆக வாளியைப் பார்த்தே காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லலாம். செடிக்கும் தரை துடைக்கவும் ஆகிறது. எதிர் வீட்டு மாமா இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமே என்றார். காயில் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது. உப்பு இல்லை என்பதற்காகச் சுத்தமாகிவிடாது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரே வாங்குங்கள் என்றேன். கேட்டாரா தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தில்லைநகர், மகள் வீடு. ஏசி போட்டதும் புளித்த வாசனை அடிக்கிறது, பேரன் தும்முகிறான். ஈரக் காயிலில் பூஞ்சை. ஏசியை அணைப்பதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் காயும், பூஞ்சைக்கு இடம் கிடைக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசனைக்கு ஸ்ப்ரே வாங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வேறொன்று மனதை உறுத்தியது. மூன்றாவது மாடி. அவுட்டோர் வெளிச்சுவரில், கீழே ஒன்றரை அடி சன்ஷேடு. மேல்வீட்டுக்கு வந்த மெக்கானிக் பையன் ஜன்னலில் ஏறி அந்த சன்ஷேடில் இறங்கி நிற்கிறான், இடுப்பில் கயிறுகூட இல்லை. யாரும் அதைக் கவனிப்பதாகவே தெரியவில்லை. கட்டடம் கட்டியவர் அங்கே அவுட்டோருக்கு இடம் விட்டார், அதைக் கழுவ ஓர் ஆள் வருவான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. மகளிடம் சொன்னேன்: உங்கள் அவுட்டோருக்கு அப்படி ஆளை இறக்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன், பெல்ட் கொண்டுவராத ஆளுக்கு வேலை கிடையாது. "அம்மா, அப்புறம் யாருமே வர மாட்டாங்க." வராவிட்டால் ஸ்டாண்டை மொட்டைமாடிக்கு ஏற்று.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. போன வருஷம் இதே வாரம், மே 2-ல்தான் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். அதில் எத்தனை மெகாவாட் அழுக்கு ஃபில்டருக்குச் செலவானதோ.

மத்தியானம் அக்கா போன். "ஏண்டி, உன் சிஷ்யனை அனுப்பேன். இருபது நிமிஷம் ஓடறது, நின்னுடறது. அப்புறம் தானே வரது. போன மாசம்தான் கேஸ் போட்டோம்." அக்கா வீட்டில் வருஷா வருஷம் கேஸ் போடுவார்கள். இந்தத் தடவை நானும் கூடப் போனேன்.

கீழ அடையவளஞ்சான் வீதி வீடு. குறுகி, நீளமாக, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். ரேழி, கூடம், நடுவில் முற்றம், அப்புறம் இரண்டாங்கட்டு, கொல்லை. மெட்ராஸ் டெரஸ் கூரை, தடித்த சுவர். அந்தக் காலத்தில் முற்றம்தான் இந்த வீட்டுக்கு ஏசி. சூடான காற்று முற்றத்து வழியே மேலே போகும், திண்ணைப் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் காற்று உள்ளே வரும். சின்ன வயதில் மே மாதத்தில் அந்தக் கூடத்துத் தரையில் பாயில்லாமல் படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

இப்போது முற்றத்தின் மேலே ஃபைபர் ஷீட். மழைக்கும் குரங்குக்குமாகப் போட்டது. ஷீட்டுக்குக் கீழே, முற்றத்துச் சுவரில், அவுட்டோர். வேறு எங்கே வைப்பது என்கிறார் அத்திம்பேர். பக்கச் சுவர் இரண்டும் அடுத்தவருடையது, வாசலில் மாட்டினால் தெரு.

சிஷ்யப்பிள்ளை வந்து மூடியைத் திறக்கவே இல்லை. முற்றத்தில் நின்று மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "டீச்சர், உங்க தெர்மாமீட்டர் கொண்டாந்தீங்களா?" கொண்டுபோயிருந்தேன். தெருவில் நிழலில் 38. அவுட்டோர் காற்றை உள்ளே இழுக்கும் பின்பக்கத்தில் 47.

அறையிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அவுட்டோர் வெளியே கொட்ட வேண்டும். ஒன்றரை டன் என்றால் ஐந்து கிலோவாட்டுக்கும் மேல் அறையின் வெப்பம், அதோடு கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் வெப்பமாகவே வெளியே வரும். மொத்தம் ஆறரை, ஏழு கிலோவாட். மூடி போட்ட முற்றத்தில் அத்தனையும் சுற்றிச் சுற்றி அதே அவுட்டோரின் முதுகுக்கே வருகிறது. தான் விட்ட மூச்சைத் தானே இழுக்கிறது. கண்டென்சரில் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் சூடாகி, ஓவர்லோடு அதை அணைக்கிறது. ஆறியதும் மறுபடி ஓடுகிறது. இதற்குக் கேஸ் போட்டால் அழுத்தம் இன்னும் ஏறும். வருஷா வருஷம் வியாதிக்கு மருந்தாக வியாதியையே கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா வீட்டுது 2012-ல் வாங்கியது, ஆர்-22 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகம் முழுக்க ஒழிக்கப்பட்டுவருகிறது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 செப்டம்பரில். அதே வருஷம் மார்ச்சில்தான் நம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். கோபுரம் 236 அடிக்கு எழுந்து நின்ற வருஷம் என்று ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, மற்றது யாருக்கும் தெரியாது. காற்றில் விட்டால் ஆர்-22 கார்பன் டை ஆக்சைடைவிட 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கும். புதுசில் இருக்கும் ஆர்-32 ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் அதுவும் 675 மடங்கு. லேசாகத் தீப்பிடிக்கவும் செய்யும். அதனால்தான் ஒழுகவிட்டு ரொப்பும் பழக்கம் எனக்கு ஆகாது.

முடிவு: அவுட்டோர் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். அத்திம்பேருக்குச் செலவு கசக்கிறது. யோசிக்கிறேன் என்றார்.

மே 8, வியாழன்

எங்கள் அறை ஏசி ராத்திரி செத்துவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் கீ என்று ஒரு சத்தம்கூட இல்லை. இவர் ஸ்டெபிலைசரைத் தட்டினார், அதைத் தட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தே.

மே 9, வெள்ளி

பல்லி.

அவுட்டோர் மூடியைக் கழற்றியதும் போர்டின் மேல் அது படுத்திருந்தது. காய்ந்து கருகி, வால் ஒரு டெர்மினலில், முன்னங்கால் இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவே போர்டில் ஐம்பது காசு அளவுக்குக் கரி. குளிர்காலத்தில் சூட்டுக்கும் கோடையில் பூச்சிக்குமாக உள்ளே போகும், ஒயர் நுழையும் ஓட்டை அதற்குப் போதும். இந்தப் பக்கத்தில் போர்டு போவதற்குக் கரண்ட் ஏற்ற இறக்கத்துக்கு அடுத்து பல்லிதான் என்கிறான் சிஷ்யன். மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உசிரோட சொன்னாத்தான் பலன் பாப்போம். இது செத்துச் சொல்லியிருக்கு" என்றார்.

கம்பெனியில் புது போர்டுக்கு ஒன்பதாயிரம் சொன்னார்கள், வர பத்து நாளாகும். அவன் போர்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, மெயின்கார்ட்கேட் பக்கம் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் போகச் சொன்னான். 1-ம் நம்பர் பஸ். காவிரிப் பாலத்தில் போகும்போது மடியில் போர்டு, கீழே மணல். கடை என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, பூதக்கண்ணாடி, சால்டரிங் அயர்ன். கரியைச் சுரண்டி எடுத்து, வெந்துபோன தாமிரக் கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பியை ஒட்டி, ஒரு ரிலேயும் இரண்டு ரெசிஸ்டரும் மாற்றினார். மேலே வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசினார், ஈரமும் எறும்பும் அண்டாமலிருக்க. 1,900 ரூபாய். இப்படிக் கைத்தொழில் தெரிந்தவர்கள் இருக்கும் வரை திருச்சியில் பொருளைத் தூக்கிப்போட வேண்டிய அவசியம் வராது.

சாயங்காலம் மாட்டி, ஒயர் நுழையும் ஓட்டைகளை எல்லாம் புட்டி வைத்து அடைத்தாயிற்று. பாச்சை உருண்டை போட்டால் போதும் என்பது ஊர் வைத்தியம். காற்றாடி ஓடும் இடத்தில் அந்த வாசனை எத்தனை நாள் நிற்கும்?

மே 21, புதன்

இன்று எங்கள் ஏரியாவுக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை பத்து மணிக்கு முன்பே போன கரண்ட் நாலு மணிக்குத்தான் வந்தது. வந்ததும் இவர் உடனே ஏசியைப் போட்டுவிட்டு, ஓடவில்லை என்று அலறினார். மூன்று நிமிஷம் பொறுக்க வேண்டும். நின்ற கம்ப்ரசரின் இரு பக்கத்து அழுத்தமும் சமமான பிறகுதான் அது கிளம்பும், அதற்காகவே உள்ளே டைமர் வைத்திருக்கிறார்கள். ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்துவதால் அது சீக்கிரம் கிளம்பிவிடாது.

கரண்ட் கணக்கும் எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு 488 யூனிட். போன வருஷம் இதே கணக்கில் 560. அந்த 500 கோட்டைத் தாண்டுவதுதான் கொடுமை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்றில்லை, சலுகை விலையில் வந்த இரண்டாவது நூறும் ஏறக்குறைய இரட்டிப்பு விலைக்குப் போய்விடும். 72 யூனிட் குறைந்ததற்குக் கழுவியது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், இந்த மே மாதம் நடுநடுவே மழையும் பெய்தது. ஆனாலும் இவர் பில்லைப் பார்த்துவிட்டு இந்த வாரம் கேஸ் என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளையும் இன்று கண்ணாடி போட்டுப் படித்தேன். வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று அதில் போட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினாலே நமக்கு 1,900 தாண்டிவிடும். லேபிளை நம்பி பட்ஜெட் போடுகிறவர்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்களாக இருக்க முடியாது.

ஜூன் 11, புதன்

நேற்று மத்திய மின்துறை அமைச்சர் சொன்னதைத்தான் இன்று எல்லோரும் பேசுகிறார்கள்: இனி ஏசியை 20 டிகிரிக்குக் கீழும் 28-க்கு மேலும் வைக்க முடியாதபடி செய்யப்போகிறார்களாம். 2020 ஜனவரியிலிருந்தே புது ஏசி எதுவானாலும் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதி உண்டு. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அரசு சொல்லும் கணக்கு.

மாமியார் 27-ல் வைத்து மேலே ஃபேனை இரண்டில் ஓடவிட்டுத்தான் தூங்குகிறார், எந்த மந்திரியும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர் வீட்டு மாமாதான் கொதிக்கிறார்: என் வீட்டில் 18 வைப்பது என் இஷ்டம். அவர் வீட்டு ஃபில்டரைப் போன மாசம் பார்த்தேன். 18 வைத்தாலும் அந்த அறை 26-க்குக் கீழே இறங்காது. இல்லாத உரிமைக்குத்தான் மனிதர் சண்டை போடுகிறார்.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி ஒன்று. 12-ந் தேதி மேட்டூர் திறந்தாயிற்று. காற்றும் ஆரம்பித்துவிட்டது, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் இந்தக் காற்று ஆடியில் ஆளைத் தள்ளும். ஜன்னலை மூடிவைத்தாலும் மேஜையில் விரலால் எழுதலாம்.

அத்திம்பேர் ஒருவழியாகச் சம்மதித்து, இன்று அவுட்டோர் மொட்டைமாடிக்குப் போயிற்று. நான் முழுக்கக் கூட இருந்தேன். முதலில் பம்ப் டவுன்: திரவம் போகும் வால்வை மூடி, மிஷினை ஓடவிட்டு, குழாயிலிருக்கும் கேஸ் அத்தனையையும் அவுட்டோருக்குள்ளேயே இழுத்துப் பூட்டினான் சிஷ்யன். நிறைய பேர் நட்டைத் தளர்த்தி உஸ் என்று வெளியே விட்டுவிடுவார்கள், ஒரு நிமிஷ வேலை மிச்சம் என்று. பிறகு குழாயை நீட்டி, பிரேஸிங் செய்து, நைட்ரஜன் ஏற்றி, பற்றவைத்த இடத்திலும் ஃப்ளேர் நட்டிலும் சோப்பு நுரை தடவினான். ஓரிடத்தில் குண்டூசித் தலையளவு குமிழி வந்தது. மறுபடி வைத்தான். பக்கத்துத் தெருவில் ஒருவர் இதையே ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துச் செய்வாராம். கம்ப்ரசரில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் அழுத்தத்தில் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். வேலைக்கு வருகிறவரிடம் நைட்ரஜன் கொண்டுவந்தீர்களா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேக்கம் பம்ப் நாற்பது நிமிஷம் ஓடியது. அதற்குள் அக்கா எல்லோருக்கும் சேவை பிழிந்துவிட்டாள். கேஸைத் திறந்து ஓட்டிப் பார்த்ததில், எதிர்பார்த்தபடி அதிகமாகவே இருந்தது. உபரியைச் சிலிண்டரில் பிடித்துக்கொண்டான். அவுட்டோருக்குப் பின்னால் ஒன்றரை அடி இடைவெளி, மேலே தகரக் கூரை, பக்கவாட்டில் திறப்பு. முற்றத்து ஃபைபர் ஷீட்டையும் ஒரு சாண் தூக்கிவைத்துச் சுற்றி வலை அடிக்கச் சொன்னேன். அதற்கு ஆசாரி வர வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்ட ஏசி நாங்கள் கிளம்பும் வரை நிற்கவில்லை. அக்காவுக்கு ஒரே ஒரு குறை: முற்றத்தில் அவுட்டோர் சூட்டில் வடாம் சீக்கிரம் காயுமாம், இனிமேல் மாடி ஏற வேண்டும்.

சிஷ்யனிடம் ஒரு பெல்ட்டும் கயிறும் வாங்க ஆயிரத்து ஐநூறு தனியாகக் கொடுத்தேன். "எதுக்கு டீச்சர், எனக்குப் பழக்கம்தான்" என்றான். தில்லைநகர் வேலைக்கு அதை மாட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றேன். அடுத்த சர்வீஸ் ஆவணியில், காற்று அடங்கின பிறகு. அதற்குள் ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நானே பார்த்துக்கொள்வேன். ஆடியில் வாரம் ஒருமுறை.